எச்டியா, எஸ்டியா? எழுத்தைப் பாருங்கள்

புது டிவி வாங்கும்போதும் புது இணைப்பு எடுக்கும்போதும் எல்லோரும் நடிகரின் முகத்தைப் பார்த்துப் படத்தின் தரத்தை முடிவு செய்கிறார்கள். நான் எழுத்தைப் பார்ப்பேன். ஒரு செய்திச் சேனலின் கிராபிக்ஸ் பிரிவில் வேலை செய்கிறவள் நான். திரையின் அடியில் ஓடும் செய்தி வரி, பேசுகிறவரின் பெயர் வரும் பட்டை, வாக்கு எண்ணிக்கைக் கட்டங்கள் எல்லாம் எங்கள் கையிலிருந்து போகின்றன. எங்கள் மானிட்டரில் சுழி சுழியாகத் துல்லியமாகத் தெரிகிற எழுத்து, வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எப்படி இருக்கிறது என்பது எனக்கு முக்கியம். அதனால் ஒரே சேனலின் எச்டி (உயர் தெளிவுப் படம்), எஸ்டி (சாதாரணத் தெளிவுப் படம்) இரண்டையும் டிஷ், கேபிள், ஃபைபர், மொபைல் ஆப் என்று வேறு வேறு வழிகளில், சின்னத் திரையிலும் பெரிய திரையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எஸ்டி என்பது உலகின் பெரும்பகுதியில் 720க்கு 576 புள்ளிகள் (பிக்சல்). வட அமெரிக்கா, ஜப்பான் பக்கம் 720க்கு 480. எச்டி என்றால் 1280க்கு 720, அல்லது 1920க்கு 1080. பெருக்கினால் 576 வரி எஸ்டியில் 4,14,720 புள்ளிகள். முழு எச்டியில் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய 4:3 சதுரப் படத்துக்கும் இன்றைய 16:9 அகலப் படத்துக்கும் எஸ்டியில் அதே 720 புள்ளிகள்தான். அகலப் படம் என்றால் ஒவ்வொரு புள்ளியும் பக்கவாட்டில் இழுபடுகிறது. போதாக்குறைக்கு, இடத்தை மிச்சம் பிடிக்க அந்த 720ஐயும் 544 ஆகக் குறைத்து அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. கடையில் ‘எஸ்டி’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள்ளேயே நல்லதும் மோசமும் இருக்கிறது.

இனி எழுத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து எஸ்டி திரைக்குக் கடுமையான பரீட்சை. மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்ன வளைவு. செய்தி ஓடும் பட்டையில் எழுத்தின் உயரத்துக்கு எஸ்டியில் இருபது சொச்சம் வரிகள் கிடைத்தால் அதிகம். அதற்குள் மூன்று சுழியும் நடுவில் வெள்ளை இடைவெளியும் அடங்க வேண்டும். அடங்காது. சுழிகள் அடைத்துக்கொண்டு ‘பணி’ ‘பனி’ ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் பாவம். எஸ்டி ஒளிபரப்பு பெரும்பாலும் இன்டர்லேஸ் முறை: ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என்று மாறி மாறி வரும். ஒரே ஒரு வரி உயரமுள்ள புள்ளி இரண்டில் ஒரு முறைதான் இருக்கும், மறுமுறை இல்லை. நொடிக்கு 25 தடவை அது தோன்றி மறையும். அம்மா எங்கள் சேனலை எஸ்டியில் பார்த்துவிட்டு, “எழுத்து ஆடுதுடி, கொஞ்ச நேரம் படிச்சா கண்ணு வலிக்குது” என்று சொன்னது இதைத்தான். அதனால் எஸ்டிக்கு வடிவமைக்கும்போது புள்ளியைத் தடிமனாக வைப்போம், கிடைக்கோடுகளை இரண்டு வரிக்குக் குறையாமல் போடுவோம், எழுத்தின் ஓரத்தைச் சற்று மென்மையாக்குவோம். ஆட்டம் குறையும். கூர்மையும் சேர்ந்தே குறையும்.

எச்டியில் அதே பட்டையில் எழுத்தின் உயரத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வரிகள். அகலத்தில் அதைவிட அதிகம். ‘ண’வின் மூன்று சுழியும் தனித்தனியாக நிற்கும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்ற அடர்த்தியான வடிவங்களையும் பயமில்லாமல் போடலாம். 1080 வரி எச்டியும் பல இடங்களில் இன்டர்லேஸ்தான் என்றாலும் ஒரு வரியே மெலிதாக இருப்பதால் ஆட்டம் கண்ணில் உறுத்துவதில்லை. எச்டி வந்தது முகத்துக்காக என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதிகம் பலன் அடைந்தது படிக்கிறவர்கள்.

நிறத்தில் உள்ள வித்தியாசம் இதைவிட எனக்கு ஆச்சரியம். ஒளிபரப்பில் வெளிச்சத்துக்குத் தனி விவரம், நிறத்துக்குத் தனி விவரம் போகிறது. நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகப் பார்க்காது என்பதால், நிறத்தை நீளத்திலும் உயரத்திலும் பாதியாக்கி அனுப்புவார்கள். எஸ்டியில் அப்படிப் பாதியாக்கினால் நிறத்துக்கு 360க்கு 288 புள்ளிகள் மிஞ்சும். நீலப் பட்டையில் சிவப்பு எழுத்து போட்டால் ஓரம் கசிந்து கரைவது அதனால்தான். மஞ்சளும் வெள்ளையும் எஸ்டி காலத்தில் செய்தி எழுத்துக்கு அவ்வளவு பயன்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எச்டியில் நிறத்துக்கு மட்டும் 960க்கு 540, அதாவது 5,18,400 புள்ளிகள். எஸ்டி படத்தின் மொத்த வெளிச்ச விவரத்தைவிட எச்டியின் பாதியாக்கிய நிற விவரம் அதிகம். பட்டுத் துணி, பூ, விளையாட்டு வீரர்களின் சட்டை எல்லாம் எச்டியில் அழுத்தமாகத் தெரிகிறது என்று சொல்கிறவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேனல் பெயருக்குப் பின்னால் எச்டி என்று இருப்பது தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. புள்ளிகளின் எண்ணிக்கை ஒரு பக்கம். நொடிக்கு எத்தனை பிட், அதாவது எவ்வளவு டிஜிட்டல் தகவல், அனுப்புகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய எம்பெக்-2 முறையில் எஸ்டி படம் நன்றாக இருக்க நொடிக்கு 4 முதல் 6 மெகாபிட் தேவை. 2003இல் வந்த எச்.264 முறையில் அதில் பாதியே போதும். அதே எச்.264இல் நல்ல எச்டிக்கு 6 முதல் 10 மெகாபிட் கொடுக்க வேண்டும், விளையாட்டு என்றால் கூடுதலாக. இடம் பத்தாமல் 3, 4 மெகாபிட்டில் 1080ஐ அடைத்தால் என்ன ஆகும்? செய்தி வாசிப்பவர் அசையாமல் இருக்கும்வரை அழகாக இருக்கும். கேமரா மைதானத்தைச் சுற்றினால் புல் முழுவதும் பச்சைக் கட்டங்களாகும். கைதட்டும் கூட்டம், கொட்டும் மழை, காகிதத் துண்டுகள் பறக்கும் பரிசளிப்பு விழா, இவைதான் உண்மையான சோதனை. தாராளமாகப் பிட் கொடுத்த எஸ்டியைவிட, பட்டினி போட்ட எச்டி இந்த இடங்களில் மோசமாகத் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எஸ்டி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் நன்றாகத் தயாரித்த ஒரு டிவிடியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் எஸ்டிதான்; ஆனால் நொடிக்கு 9.8 மெகாபிட் வரை போக அதற்கு அனுமதி உண்டு. ஒளிபரப்பில் எஸ்டிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

அடுத்தது போலி எச்டி. எஸ்டியில் எடுத்த நிகழ்ச்சியை இழுத்துப் பெரிதாக்கி எச்டி சேனலில் போடுவது. இதைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலிலிருந்து ஒரு வழி சொல்கிறேன்: மூலையில் இருக்கும் லோகோவையும் கீழே ஓடும் எழுத்தையும் நம்பாதீர்கள். அவற்றைக் கடைசிக் கட்டத்தில், எச்டி அளவிலேயே, படத்தின் மேல் வைக்கிறோம். அடியில் இருக்கும் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் லோகோ பளிச்சென்று இருக்கும். நெற்றியில் விழும் தலைமுடி, சட்டையின் நெசவு, தூரத்து மரத்தின் இலை, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் ஆகியவற்றைப் பாருங்கள். லோகோ கூர்மை, முடி மெழுகு என்றால் அது இழுத்த எஸ்டி. ரிமோட்டில் விவரப் பொத்தானை அழுத்தினால் டிவி 1080 என்று காட்டுவதையும் சாட்சியாக எடுக்க முடியாது. செட்டாப் பெட்டியிலிருந்து டிவிக்கு என்ன அளவில் வருகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. பெட்டி எல்லாச் சேனலையும் 1080 ஆக்கித்தான் அனுப்பும்.

பழைய நிகழ்ச்சி என்றால் எச்டி தேவையில்லை என்ற பேச்சும் பாதிதான் சரி. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்த படத்தில் எச்டியை மிஞ்சும் விவரம் இருக்கிறது. நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்து, புதிதாக ஸ்கேன் செய்திருந்தால், ஐம்பது வருடத்துக்கு முந்தைய கருப்பு வெள்ளைப் படம்கூட எச்டியில் புதிதாகப் பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் 1980களிலும் 90களிலும் பீட்டாகாம் டேப்பில் எடுத்த தொலைக்காட்சித் தொடர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கேமராவே எஸ்டி; அங்கே இல்லாத விவரத்தை எந்த இயந்திரமும் திரும்பக் கொண்டுவராது. ஆக, 1960இல் வந்த சினிமாவுக்கு எச்டி பயன்படும். 1990இல் வந்த தொடருக்குப் பயன்படாது. வயதைப் பார்க்காமல் எதில் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

படத்தின் வடிவம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல டிவியில் முகம் அகலமாக இழுபட்டுக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. 4:3இல் வரும் எஸ்டி சேனலை அகலத் திரை முழுவதும் நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிடுகிறார்கள். முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது, பந்து முட்டையாகிறது. பக்கத்தில் கருப்புப் பட்டை இருந்தால் டிவி வீணாகிறது என்று நினைக்க வேண்டாம். அதுதான் சரியான வடிவம். அகலப் படத்தை 4:3 எஸ்டிக்குள் மேலும் கீழும் கருப்பு விட்டு அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம். 576 வரியில் 432 மட்டுமே படத்துக்குக் கிடைக்கிறது. மீதி வெறும் கருப்பு. அதை அகலத் திரையில் பார்த்தால் நான்கு பக்கமும் கருப்புச் சட்டம். எச்டி படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டி நடுப்பகுதியை மட்டும் எஸ்டிக்கு எடுப்பது மற்றொரு வழி. அதனால்தான் எச்டி வந்த பிறகும் வெகுகாலம் நாங்கள் எழுத்துகளை 1920 அகலத்தில் நடுவில் உள்ள 1440க்குள்ளேயே வைத்தோம். எச்டி பார்க்கிறவர்களுக்கு ஸ்கோர் அட்டை ஏன் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறது என்று தோன்றியிருக்கும். எஸ்டி பார்க்கிறவருக்கு ஓவர் எண்ணிக்கை வெட்டுப்படக் கூடாது என்பதற்காக.

சந்தா கட்டியும் எச்டி வராத வீடுகள் நிறைய. காரணம் பெரும்பாலும் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. மஞ்சள் முனை உள்ள பழைய வயரில் எஸ்டி மட்டுமே போகும். எந்தச் சந்தாவும் அதை மாற்றாது. எச்டிஎம்ஐ வயர் போட வேண்டும். போட்ட பிறகு பெட்டியின் அமைப்பில் வெளியீடு 576இல் இருந்தால் 1080க்கு மாற்ற வேண்டும். அதன்பின் டிவியின் பட அமைப்பில் ஓவர்ஸ்கேன் என்று இருப்பதை நிறுத்துங்கள். பழைய குழாய் டிவிகளின் ஓரக் கோளாறை மறைக்க வந்த வழக்கம் அது: படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். எச்டியில் அதைச் செய்தால் ஒவ்வொரு புள்ளியும் இடம் மாறி எழுத்து மங்கும். ஷார்ப்னஸையும் குறையுங்கள். அது புது விவரத்தைச் சேர்ப்பதில்லை, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது. எஸ்டியில் அந்தக் கோடு இன்னும் அசிங்கமாகத் தெரியும். இந்தச் சின்ன வேலைகளைச் செய்ததும் அம்மாவின் டிவியில் ஏற்பட்ட மாற்றம், எஸ்டியிலிருந்து எச்டிக்கு மாறியதற்குச் சமமாக இருந்தது.

சிறு திரை டிவிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘எச்டி ரெடி’ என்ற பெயரில் வரும் பலவற்றின் பலகையில் 1366க்கு 768 புள்ளிகளே உண்டு. 1080 படம் அதில் சுருங்கித்தான் தெரியும். அது குறை இல்லை, 32 அங்குலத்துக்குப் போதுமானது. ஆனால் முழு எச்டி என்று நினைத்து வாங்கக் கூடாது.

தூரம். இதைப் பற்றிப் பேசாமல் எச்டி வாங்கச் சொல்வது நியாயமில்லை. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தில் வழக்கமான அளவு. அதை வைத்துக் கணக்கிட்டால், 1080 வரியின் முழுப் பலனும் கிடைக்கத் திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்குச் சொச்சம் தூரத்துக்குள் உட்கார வேண்டும். ஆறு மடங்கைத் தாண்டினால் நல்ல எஸ்டிக்கும் எச்டிக்கும் வித்தியாசம் தெரியாது. 43 அங்குல டிவி என்றால் ஏறக்குறைய 1.7 மீட்டருக்குள் முழுப் பலன், 3.2 மீட்டருக்கு அப்பால் பலன் இல்லை. 55 அங்குலத்துக்கு 2.2 மீட்டரும் 4.1 மீட்டரும். 24 அங்குலச் சின்ன டிவியை 1.8 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கிறவர் எஸ்டியிலேயே இருக்கலாம், எதையும் இழக்கவில்லை. நடுவில் இருக்கும் தூரம்தான் பெரும்பாலான வீடுகள். அங்கே வித்தியாசம் தெரியும், முழுவதும் தெரியாது. ஒரு திருத்தம் மட்டும்: இந்தக் கணக்கு புள்ளிகளுக்கு. பிட் பற்றாமல் வரும் கட்டங்கள் புள்ளிகளைவிடப் பல மடங்கு பெரியவை. அவை அறையின் கடைசி மூலையிலிருந்தும் தெரியும். அதனால்தான் தூரமாக உட்காருகிறவர்களும் சில எஸ்டி சேனல்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

வரும் வழிகளில் டிஷ் பற்றி முதலில். எச்டி சேனல்களின் எண்ணிக்கையிலும் படத்தின் நிலையான தன்மையிலும் டிஷ் இன்றும் நல்ல தேர்வு. 2005இல் வெளியான டிவிபி-எஸ்2 என்ற தரம் பழைய முறையைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிக விவரத்தை அதே அலைவரிசையில் ஏற்றுகிறது. எச்டி டிஷ் வழியாகப் பரவியதற்கு இதுவும் எச்.264உம் சேர்ந்தே காரணம். குறை, மழை. 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி உறிஞ்சும். எஸ்டி பழைய முறையிலும் எச்டி புதிய முறையிலும் வரும் சேவைகளில் மழை வலுத்தால் எச்டி முதலில் கட்டம் கட்டமாக உடைந்து போகும், எஸ்டி இன்னும் சிறிது நேரம் நிற்கும். கூடுதல் விவரத்தை அடைத்த சிக்னலுக்குக் கூடுதல் வலிமை வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் எஸ்டி சேனல் எண்ணையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, சிக்னலை வாங்கும் எல்என்பி முனையின் இணைப்பில் நீர் புகாமல் மூடி வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

டிஷ்ஷில் இன்னொரு விஷயம், ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தச் சேனலில் அசைவு அதிகமோ அதற்கு அந்த நொடியில் அதிக பிட் போகும். முக்கியமான ஆட்டம் நடக்கும் மாலையில், அதே அலைவரிசையில் இருக்கும் பாட்டுச் சேனல் வழக்கத்தைவிட மங்குவதற்கு இது காரணமாகலாம். சேவையைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்குப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் பார்க்கும் நேரத்தில், பெரிய ஆட்டம் நடக்கும்போது பாருங்கள்.

கேபிளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் நொடிக்கு 50 மெகாபிட் வரை ஏற்றலாம். மழையும் தொடாது. ஆனால் படம் நல்லதாக வருவது நடத்துகிறவரின் கையில் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து வரும் படத்தை அப்படியே கொடுத்தால் நன்று. பலர் சேனல்களைக் கூட்டுவதற்காக அதை மறுபடியும் அவிழ்த்து, மறுபடியும் சுருக்குகிறார்கள். ஏற்கெனவே சுருங்கிய படத்தை இன்னொரு முறை சுருக்கினால் முதலில் போவது எழுத்தின் ஓரம்தான். நான் பார்த்த ஒரு கேபிள் இணைப்பில் எங்கள் எச்டி சேனலின் செய்தி வரியைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் துடித்தன. அதே நேரத்தில் டிஷ்ஷில் அது சுத்தமாக இருந்தது. நாங்கள் அனுப்பியது ஒன்றே. வீட்டுக்குள் மூன்று நான்கு டிவிக்குப் பிரித்திருந்தால் ஸ்பிளிட்டரையும் முனைகளையும் மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் புகார் சொல்லலாம். ஆனால் இப்படிக் கொசு மொய்க்கும் படம் வயரால் வருவதில்லை. வயர் கெட்டால் படம் உடையும், நிற்கும். மங்குவதும் மொய்ப்பதும் சுருக்கியவரின் வேலை.

மொட்டைமாடி ஆன்டெனாவில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் அதை ஒதுக்க வேண்டாம். இடையில் வேறு யாரும் மறுபடி சுருக்காமல் நிலையம் அனுப்பியது நேராக வருகிறது. அமெரிக்காவில் ஒரு தரைவழி அலைவரிசைக்கு 19.39 மெகாபிட் இருக்கிறது. அதைப் பிரிக்காமல் ஒரே சேனலுக்குக் கொடுத்தால் சந்தா சேவைகளைவிடப் படம் நன்றாக இருக்கும். அங்கே ஏபிசி, ஃபாக்ஸ் 720 வரியை முழுப் படமாக நொடிக்கு 60 தரம் அனுப்புவதையும், சிபிஎஸ், என்பிசி 1080 வரியை இன்டர்லேஸாக அனுப்புவதையும் தேர்ந்தெடுத்தன. வேகமான ஆட்டத்துக்கு 720 முழுப் படம் நன்றாகப் பொருந்தும், அசையாத காட்சிக்கு 1080. எங்கள் எழுத்துக்கு? நிற்கும் எழுத்துக்கு 1080, ஓடும் எழுத்துக்கு 720. ஓடும் எழுத்து இன்டர்லேஸில் சீப்புப் பல்லாகப் பிரியும். அதைச் சரிசெய்வது டிவியின் திறமையைப் பொறுத்தது.

ஃபைபரில் வரும் ஐபிடிவி, ஆப் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். வேறு வேறு. ஐபிடிவி, அதாவது இணைய முறையில் வரும் டிவி, சேவை நிறுவனத்தின் சொந்த வலையில், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வருகிறது. டிஷ்போல நிலையானது, மழைக்கும் கலங்காது. ஆப் பொது இணையத்தில் வருகிறது. வேகம் குறைந்தால் தரத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். சேனலைத் திறந்ததும் முதல் சில நொடி எஸ்டிக்கும் கீழாக இருந்து பிறகு தெளிவது அதனால். 1080 பார்க்க நொடிக்கு 5 மெகாபிட் நிலையாக வேண்டும். அப்படிப் பார்த்தால் மணிக்கு 2.25 ஜிபி செலவு. அளவு வைத்த டேட்டா திட்டத்தில் இருக்கிறவர்கள் ஒன்றரை மெகாபிட் எஸ்டியில் பார்த்தால் மணிக்கு முக்கால் ஜிபிகூட ஆகாது. கைபேசித் திரைக்கு அது போதும். ஆப்பில் எனக்குப் பிடிக்காதது தாமதம்தான். நேரடி ஆட்டம் டிஷ்ஷைவிடப் பல நொடி, சில சமயம் அரை நிமிடத்துக்கு மேலும் பிந்தி வரும். பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் வந்து, விக்கெட் பின்னால் வருகிறது. வாக்கு எண்ணிக்கை நாளிலும் அப்படியே.

ஒலியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல எச்டி சேனல்கள் டால்பி 5.1 ஒலியும் தருகின்றன; தனி ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் அதனால் லாபமில்லை. சப்டைட்டில் நம்பிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்: ரிமோட்டில் தேர்ந்தெடுக்கும் சப்டைட்டில் சில எச்டி சேனல்களிலும் எஸ்டி அளவிலேயே அனுப்பப்பட்டு, பெட்டியில் பெரிதாக்கப்படுகிறது. படம் கூர்மையாகவும் வசனம் மங்கலாகவும் இருந்தால் உங்கள் கண்மீது பழி போட வேண்டாம்.

எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: மொத்தமாக எச்டி தொகுப்பு எடுக்காமல், முடிந்தால் சேனல் சேனலாகத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுக்கு எச்டி, மறுபேச்சில்லை. இயற்கை, பயணம், நடனம், புதிதாக எடுக்கும் தொடர்கள், நன்றாக ஸ்கேன் செய்த சினிமா ஆகியவற்றுக்கும் எச்டி. செய்தியில், கேட்டுக்கொண்டே வேலை செய்கிறவருக்கு எஸ்டி போதும். எழுத்தைப் படிக்கிறவர்கள், குறிப்பாக வயதானவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு செய்திச் சேனலையாவது எச்டியில் வையுங்கள். இந்தப் பரிந்துரையை யாரும் சொல்வதில்லை, செய்திக்கு எதற்கு எச்டி என்றுதான் கேட்பார்கள். பழைய தொடர்களை மறு ஒளிபரப்பும் சேனலுக்கும், தட்டை நிறத்தில் வரும் குழந்தைகள் கார்ட்டூனுக்கும் எஸ்டி சரி. பாட்டுச் சேனலில் வேகமாக வெட்டி வெட்டி வரும் காட்சிகளுக்கு எஸ்டியில் பிட் பற்றுவதில்லை; அதை அடிக்கடி பார்க்கிறவர்கள் எச்டி எடுக்கலாம், சும்மா ஓடவிடுகிறவர்கள் வேண்டாம்.

பதிவு செய்து பார்க்கும் பழக்கம் உண்டென்றால் பெட்டியின் கொள்ளளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். 8 மெகாபிட் எச்டி மணிக்கு 3.6 ஜிபி எடுக்கும்; 500 ஜிபி தட்டில் 138 மணி நேரம். 2 மெகாபிட் எஸ்டி அதில் நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அம்மாவின் பெட்டியில் தினத் தொடர்கள் எஸ்டியில் பதிவாகின்றன, ஆட்டங்களும் இரவுச் செய்தியும் எச்டியில்.